ஐந்து மகன்கள் இருந்தும்: வில்லியம் மார்ஷலின் வாழ்வும் கொடிவழியும்

1245 நவம்பர் 24 அன்று வேல்ஸ் எல்லையில் உள்ள குட்ரிச் கோட்டையில் வால்டர் மார்ஷல் இறந்தார். அடுத்த மாதமே, கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, செப்ஸ்டோ கோட்டையில் அவருடைய தம்பி ஆன்செல்மும் போய்ச் சேர்ந்தார். பெம்புரோக் ஏர்ல் என்ற உயர்குடிப் பட்டம் முறைப்படி தமக்கு வழங்கப்படும் வரைகூட அவர் உயிரோடு இருக்கவில்லை. இந்த இருவருக்கும் முன்னால் மூன்று அண்ணன்மார் இறந்திருந்தனர். ஐவரும் மணமானவர்கள். ஒருவருக்கும் பட்டம் ஏற்கப் பிள்ளை இல்லை.

இந்த ஐவரின் தந்தை வில்லியம் மார்ஷல், 12, 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மிகப் பெரிய பிரபு. அடுத்தடுத்து ஆண்ட நான்கு அரசர்களிடமும், பட்டம் சூட்டப்பட்டும் ஆளாமலே இறந்த ஓர் இளம் அரசரிடமும் பணியாற்றியவர். எழுபது வயதில் நாட்டையே கட்டிக் காத்தவர். அத்தகையவர் நிறுவிய குடும்பம் அவர் இறந்து 26 ஆண்டுகளில் 'அற்றுப்போனது' என்று வரலாற்று நூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரியைத்தான் இங்கே ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன். மார்ஷல் குடும்பத்தின் சொத்து எங்கிருந்து வந்தது, யார் வழியாக வந்தது, பிறகு எங்கே போனது என்று ஆவணங்களைத் தொடர்ந்து போனால் வேறொரு கதை கிடைக்கிறது. அது பெண்களின் கதை.

சம்மட்டியும் பட்டறைக் கல்லும்

வில்லியமின் பாட்டனார் கில்பர்ட், முதலாம் ஹென்றி அரசரின் அவையில் மார்ஷல் பதவியில் இருந்தார். அரசரின் குதிரைகளையும் அரண்மனை ஒழுங்கையும் கவனிக்கும் நடுத்தர நிலைப் பதவி அது. அந்தப் பதவி பரம்பரையாகத் தங்களுக்கே உரியது என்று கில்பர்ட்டும் அவர் மகன் ஜானும் அரசவையில் வழக்காடி வென்றனர். பதவியின் பெயரே பின்னர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது.

ஜான் மார்ஷல் முரட்டு ஆள். ஸ்டீபன் அரசருக்கும் பேரரசி மட்டில்டாவுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்தபோது 1141இல் வெர்வெல் மடத்துத் தேவாலயத்தில் அவர் சிக்கிக்கொண்டார். எதிரிகள் கட்டடத்துக்குத் தீ வைத்தனர். கூரையிலிருந்து உருகி வழிந்த ஈயம் அவருடைய ஒரு கண்ணைப் பறித்தது. அப்படியும் அவர் சரணடையவில்லை. போரினூடே அண்டைப் பிரபுவான சாலிஸ்பரியின் பேட்ரிக்குடன் ஏற்பட்ட பகையைத் தீர்க்க, முதல் மனைவியை விலக்கிவிட்டு பேட்ரிக்கின் சகோதரி சிபிலை மணந்தார். அந்தச் சமாதானத் திருமணத்தில் பிறந்தவர்தான் வில்லியம். ஆண்டு ஏறக்குறைய 1147. மூத்த தாரத்துக்கு இரண்டு மகன்கள். சிபிலுக்குப் பிறந்த மகன்களில் வில்லியம் இரண்டாமவர். எனவே தந்தை வழியில் நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இல்லாத நான்காவது பிள்ளை.

1152இல் ஸ்டீபன் அரசர் நியூபெரியில் இருந்த ஜானின் கோட்டையை முற்றுகையிட்டார். போர்நிறுத்தத்துக்குப் பிணையாக ஜான் கொடுத்தது ஐந்தாறு வயதுச் சிறுவன் வில்லியமை. போர்நிறுத்தம் கிடைத்ததும் ஜான் கோட்டைக்குள் உணவும் ஆட்களும் சேர்த்தார். பையனைத் தூக்கிலிடுவோம் என்று அரசரின் ஆட்கள் மிரட்டியபோது, இவனைவிட நல்ல மகன்களைச் செய்வதற்குச் சம்மட்டியும் பட்டறைக் கல்லும் தம்மிடம் இன்னும் இருப்பதாக ஜான் பதில் அனுப்பியதாகச் சொல்லப்படுகிறது. பெற்ற தாய் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று எந்தப் பதிவும் சொல்லவில்லை. ஸ்டீபனுக்கு மனம் வரவில்லை. பையன் பிழைத்தான். அரசரின் கூடாரத்திலேயே செடித் தண்டுகளை வைத்து அரசரோடு சண்டை விளையாட்டு விளையாடியதாக ஒரு காட்சியும் உண்டு.

இந்தச் செய்திகள் எங்கிருந்து கிடைக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வில்லியம் இறந்த பின் அவருடைய மூத்த மகன் எழுதச் செய்த, 19,214 வரிகள் கொண்ட பழைய பிரெஞ்சுக் கவிதை அது. அரச குடும்பத்தைச் சேராத ஒரு பிரபுவுக்கு அக்காலத்தில் இப்படி ஒரு வாழ்க்கை வரலாறு இருப்பது அபூர்வம். அதன் ஒரே பிரதி 1861இல் லண்டன் ஏலம் ஒன்றில் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞரின் கண்ணில் பட்டுக் கைநழுவிப் போயிற்று. இருபது ஆண்டுகள் விடாமல் தேடி 1881இல்தான் அவர் அதை மறுபடியும் கண்டார். மகன் காசு கொடுத்து எழுதச் செய்த கவிதை என்பதால் அது தந்தையின் பக்கமே நிற்கிறது. அதைப் படிப்பவர்கள் அரசு ஏடுகளோடு ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். ஆனால் குடும்பம் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்று அறிய அதைவிடச் சிறந்த சான்று கிடையாது.

நிலமில்லாத நாற்பது ஆண்டுகள்

இளைஞன் வில்லியமைத் தாய்வழி உறவினரான டாங்கர்வில் பிரபுவிடம் நார்மண்டிக்கு அனுப்பினார்கள். குதிரையேற்றமும் வாள் வீச்சும் அங்கே கற்றார். 1166 வாக்கில் நைட் எனும் குதிரைவீரர் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு தந்தை ஜான் இறந்திருந்தார். வில்லியமின் பங்குக்கு ஒன்றும் இல்லை.

அடுத்து கைதூக்கிவிட்டவர் தாய்மாமன், சாலிஸ்பரி ஏர்ல் பேட்ரிக். 1168இல் பிரான்சின் புவாட்டூ பகுதியில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மனைவி எலினாருக்குக் காவலாகச் சென்றபோது லூசிஞ்ஞான் குடும்பத்தார் பதுங்கியிருந்து தாக்கினர். பேட்ரிக் முதுகில் குத்துப்பட்டு இறந்தார். மாமன் விழுந்ததைக் கண்ட வில்லியம் வெறிகொண்டு போரிட்டுத் தொடையில் காயம்பட்டுச் சிறைப்பட்டார். எலினார் மீட்புத்தொகை கொடுத்து அவரை விடுவித்துத் தம் பணியில் சேர்த்துக்கொண்டார். அவருடைய உயர்வுக்கு முதல் படி அதுதான். தாயின் உறவு ஒரு வேலை தந்தது; ஓர் அரசியின் கருணை உயிரையும் எதிர்காலத்தையும் தந்தது.

1170இல் இரண்டாம் ஹென்றி தம் உயிரோடிருக்கும்போதே மூத்த மகனுக்கு முடிசூட்டினார். 'இளம் அரசர்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பிள்ளைக்குப் போர்க்கலை பயிற்றுவிக்கும் பொறுப்பு வில்லியமிடம் வந்தது. அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதி வட பிரான்சின் போர்ப்போட்டிகளில் கழிந்தது. இன்றைய விளையாட்டரங்கப் போட்டி போன்றதன்று அது. ஊர்களுக்கு இடையே பரந்த வெளியில் இரு அணிகள் மோதும். தோற்றவரைப் பிடித்து மீட்புத்தொகையும் குதிரையும் வாங்கிக்கொள்ளலாம். ரோஜர் டி ஜூயி என்ற நைட்டோடு கூட்டுச் சேர்ந்து வில்லியம் அதை ஒரு தொழிலாகவே நடத்தினார். வாழ்நாளில் 500 நைட்டுகளைப் பிடித்ததாகச் சாகும் நேரத்தில் அவரே சொன்னதாகக் கவிதை கூறுகிறது.

1183 ஜூன் 11 அன்று மார்ட்டெல் என்ற ஊரில் இளம் அரசர் நோயால் இறந்தார். தாம் பூண்டிருந்த சிலுவைப் பயண விரதத்தை நிறைவேற்றும்படி வில்லியமிடம் கேட்டுக்கொண்டார். வில்லியம் எருசலேம் சென்று திரும்பினார். அதன் பின்னரே இரண்டாம் ஹென்றி அவருக்கு இங்கிலாந்தின் வடமேற்கில் கார்ட்மெல் என்ற நிலத்தைக் கொடுத்தார். அப்போது வில்லியமுக்கு நாற்பது வயது. அவர் சொந்தமாகப் பெற்ற முதல் நிலம் அது.

இசபெல்

இனி வருவதுதான் இந்த ஆய்வின் நடு. 1189இல் ஹென்றிக்கும் அவருடைய மகன் ரிச்சர்டுக்கும் போர். லெ மான் நகரிலிருந்து தப்பியோடும் அரசரை ரிச்சர்ட் துரத்தி வந்தார். குறுக்கே வந்து நின்ற வில்லியம், ரிச்சர்டின் குதிரையை ஈட்டியால் குத்திக் கொன்று துரத்தலை நிறுத்தினார். சில வாரங்களில், ஜூலை 6 அன்று, ஹென்றி இறந்தார், ரிச்சர்ட் அரசரானார். எதிரியாக நின்றவரைப் புதிய அரசர் தண்டிப்பார் என்றே எல்லோரும் எண்ணினர். ரிச்சர்டோ விசுவாசத்தின் மதிப்பை அறிந்தவர். தம் தந்தை வாக்களித்திருந்த பெண்ணையே வில்லியமுக்கு மணம்செய்து கொடுத்தார்.

அந்தப் பெண் இசபெல் டி கிளேர். வயது பதினேழு, பதினெட்டு இருக்கலாம். தந்தை 'ஸ்ட்ராங்போ' என்று பெயர்பெற்ற ரிச்சர்ட் டி கிளேர். தாய் ஈஃபா, அயர்லாந்தின் லென்ஸ்டர் அரசர் டயர்மைட் மக்மரோவின் மகள். நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட டயர்மைட், தம்மை மீண்டும் அரியணையில் அமர்த்தினால் மகளையும் நாட்டையும் தருவதாக ஸ்ட்ராங்போவிடம் ஒப்பந்தம் செய்ய, 1170இல் வாட்டர்ஃபோர்டில் அந்தத் திருமணம் நடந்தது. ஸ்ட்ராங்போவுக்கு லென்ஸ்டர் கிடைத்தது ஈஃபா வழியாக. அவர் 1176இல் இறந்தார். ஒரே மகனும் சிறு வயதிலேயே இறந்ததால் வேல்ஸில் செப்ஸ்டோ, பெம்புரோக் மீதான உரிமை, அயர்லாந்தில் லென்ஸ்டர் என்று அத்தனையும் இசபெல்லின் பெயரில் வந்து நின்றன. நார்மண்டியின் லாங்வில் கோட்டையும் அதனைச் சார்ந்த நிலங்களில் பாதியும்கூட, கிளேர் குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஜிஃபார்ட் வீட்டுப் பெண் ஒருத்தியின் வழியில் வந்த உரிமைதான். அதற்கு வில்லியம் அரசருக்கு 2,000 மார்க் (அக்காலப் பணக் கணக்கு) கட்டினார்.

1189 ஆகஸ்டில் லண்டனில் திருமணம் நடந்தது. நாற்பதைத் தாண்டிய, ஒற்றை நிலம் மட்டுமே வைத்திருந்த நைட், ஒரே நாளில் நாட்டின் முன்னணிப் பிரபுக்களில் ஒருவரானார். செப்ஸ்டோ கோட்டைக்கு அவர் கட்டிய வாயிலின் ஓக் மரக் கதவுகள் இன்றும் அந்தக் கோட்டையிலேயே இருக்கின்றன. மர வளையங்களை ஆய்ந்தவர்கள் அவை 1190க்கு முற்பட்டவை என்று கணித்துள்ளனர். மணம் முடிந்த கையோடு தொடங்கிய வேலை என்று அந்தக் கதவுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1194இல் அண்ணன் ஜான் இறந்தபின் பரம்பரை மார்ஷல் பதவியும் வில்லியமுக்கு வந்தது. 1199இல் ஜான் அரசர் முடிசூடிய நாளில் பெம்புரோக் ஏர்ல் பட்டமும் கிடைத்தது.

தம் செல்வம் யாருடையது என்பதில் வில்லியமுக்குக் குழப்பமே இருந்ததில்லை. அதை அவரே வாய்விட்டுச் சொன்ன தருணம் ஒன்று உண்டு. நார்மண்டியைப் பிரான்சு அரசர் கைப்பற்றிய பிறகு, லாங்வில்லைக் காப்பாற்றிக்கொள்ள வில்லியம் 1205இல் அவருக்கும் விசுவாசப் பிரமாணம் செய்தார். ஜான் அரசருக்கு அன்றிலிருந்து சந்தேகம். மூத்த மகனைப் பிணையாகக் கேட்டு வாங்கினார். பிறகு இரண்டாம் மகனையும் கேட்டார். 'பிள்ளைகளைக் கொடுக்காதே' என்று இசபெல் தடுத்ததாகவும் வில்லியம் கொடுத்தே தீர வேண்டியதாயிற்று என்றும் அறிகிறோம். தானே ஒரு பிணைக் குழந்தையாக இருந்து தூக்குக் கயிற்றின் அருகே போய் வந்தவர், தம் பிள்ளைகளை அப்படி அனுப்ப நேர்ந்தது. அந்த நினைவு அவருக்கு வந்திருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை.

1207இல் வில்லியம் அயர்லாந்தில் இருந்தபோது ஜான் அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். போனால் லென்ஸ்டரில் அரசரின் ஆள் மெய்லர் தாக்குவார் என்பது தெரிந்ததே. புறப்படுமுன் கில்கென்னியில் தம் கீழ்ப் பிரபுக்களைக் கூட்டி, கருவுற்றிருந்த இசபெல்லின் கையைப் பிடித்து அவர்கள் முன்னால் நிறுத்தினார். இவர் உங்கள் தலைவரின் மகள், உங்களுக்கு இந்த நிலங்களைக் கொடுத்தவரின் மகள். இவர் வழியாக அன்றி எனக்கு இங்கே எந்த உரிமையும் இல்லை என்ற பொருளில் பேசினார். அந்தக் குளிர்காலத்தில் வில்லியமின் ஆட்கள் கொல்லப்பட்டுவிட்டதாக ஜான் அரசர் அவர் முகத்துக்கு நேரே பொய் சொன்னார். உண்மையில் இசபெல்லின் பக்கமே வென்று மெய்லரைப் பணிய வைத்திருந்தது. இடைக்காலப் பிரபுக்களின் மனைவியரைப் பற்றி நாம் வழக்கமாகப் படிப்பது பெயரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் மட்டுமே. இசபெல்லுக்கு அது போதாது. லென்ஸ்டரைக் காத்துக் கொடுத்தவர் அவர்.

ஆட்சிப் பொறுப்பு

வில்லியமின் புகழுக்குக் காரணமான கடைசி ஆண்டுகளை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். அவை பலராலும் விரிவாக எழுதப்பட்டவை. 1215இல் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் முகவுரையில் ஆயர்களுக்கு அடுத்து வரும் பிரபுக்களில் முதல் பெயர் அவருடையது. அரசருக்கு எதிரே நின்ற 25 பிரபுக்கள் குழுவிலோ அவருடைய மூத்த மகன் இருந்தார். தந்தை ஒரு பக்கம், மகன் மறுபக்கம். யார் வென்றாலும் குடும்பம் பிழைக்கும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம். 1216 அக்டோபரில் ஜான் இறந்தபோது நாட்டின் பாதி பிரெஞ்சு இளவரசர் லூயியின் கையில். ஒன்பது வயதுச் சிறுவன் மூன்றாம் ஹென்றியை க்ளஸ்டரில் முடிசூட்டி, வில்லியமை ஆட்சிப் பொறுப்பாளராக்கினார்கள். அவர் மாக்னா கார்ட்டாவைத் தம் முத்திரையோடு மறுபடி வெளியிட்டார். 1217 மே 20 அன்று லிங்கன் நகரில் தலைக்கவசம் அணியவும் மறந்து பாய்ந்து, பிறகு கேட்டு வாங்கி அணிந்துகொண்டு போரிட்டு வென்றார். ஆகஸ்டில் சாண்ட்விச் அருகே கடற்போரிலும் வெற்றி. லூயி நாட்டைவிட்டுப் போனார்.

1219இல் நோய்வாய்ப்பட்டு, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள தம் கேவர்ஷம் மாளிகைக்குத் திரும்பினார். அங்கே அவர் செய்த பாகப்பிரிவினை இந்த ஆய்வுக்கு முக்கியமானது. மூத்தவர் வில்லியமுக்கு பட்டமும் பெரும்பகுதி நிலங்களும். இசபெல் வழி வந்தவை அவர் காலத்துக்குப் பின். இரண்டாமவர் ரிச்சர்டுக்கு நார்மண்டியின் லாங்வில். கில்பர்ட் குருத்துவத்துக்கு. வால்டருக்கு குட்ரிச். கடைக்குட்டி ஆன்செல்முக்கு ஒன்றும் இல்லை. தம்மைப் போலவே உழைத்து முன்னேறட்டும் என்றார். உடனிருந்த ஜான் ஆஃப் எர்லி மன்றாடியதும் ஆண்டுக்கு 140 பவுண்டு வருமானமுள்ள நிலம் கொடுத்தார். மகள்களில் நால்வருக்கு மணமாகியிருந்தது. மணமாகாத ஜோனை நினைத்துத்தான் மனம் வருந்தினார்.

ஒரு நாள் பாட வேண்டும் போல் இருக்கிறது, ஆனால் முடியவில்லை என்றார். மகள்களை அழைத்தார்கள். மூத்தவர் மட்டில்டா பாடினார். ஜோன் வெட்கப்பட்டுத் தயங்கிப் பாட, எப்படிப் பாட வேண்டும் என்று படுக்கையிலிருந்தபடியே சொல்லிக் கொடுத்தார். இறக்குமுன் டெம்பிள் வீரத்துறவியர் சபையில் சேர்ந்தார். சேர்ந்தபின் மனைவியைத் தழுவக்கூடாது என்பது விதி. ஆகவே அதற்கு முன் இசபெல்லை அழைத்து, இனி இது முடியாது என்று சொல்லிக் கடைசியாக முத்தமிட்டார். இருவரும் அழுதனர். மே 14 அன்று இறந்தார். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம். இசபெல் மறு ஆண்டே, 1220இல், இறந்து வேல்ஸின் டின்டெர்ன் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

சாபமா?

பின்னாளில் மேத்யூ பாரிஸ் என்ற துறவி எழுதி வைத்த கதை இது. அயர்லாந்தில் ஃபெர்ன்ஸ் ஆயருக்குச் சொந்தமான இரண்டு பண்ணை நிலங்களை வில்லியம் எடுத்துக்கொண்டார். ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். வில்லியம் இறந்தபின் கல்லறைக்கு வந்து, நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் விலக்கத்தை நீக்குகிறேன் என்றார். மகன்கள் மறுத்தனர். ஒரே தலைமுறையில் இந்தப் பெயர் அழியும் என்று ஆயர் சபித்தார்.

நிலத் தகராறு நடந்தது உண்மை. ஆனால் சாபக் கதையை எழுதியவர் ஐந்து மகன்களின் முடிவையும் அறிந்த பிறகு எழுதினார். ஒவ்வொரு திருமணத்தையும் தனித்தனியே பார்த்தால் சாபத்துக்கு வேலையே இல்லை.

மூத்தவர் வில்லியமின் முதல் மனைவி ஆலிஸ் டி பெத்யூன் இளமையிலேயே இறந்தார். 1224இல் அவர் மணந்தது அரசரின் தங்கை எலினாரை. எலினாருக்கு அப்போது ஒன்பது வயது. 1231 ஏப்ரலில் வில்லியம் திடீரென இறந்தபோது அவர் பதினாறு வயது விதவை. ரிச்சர்ட் மணந்தது பிரிட்டனி நிலத்து வாரிசான ஜெர்வேஸ் டி டினான் என்ற விதவையை. நிலத்துக்காகச் செய்த மணம். அவர் அரசரின் ஆலோசகர்களை எதிர்த்துக் கலகத்தில் இறங்கி, 1234 ஏப்ரல் 1 அன்று அயர்லாந்தின் கில்டேர் சமவெளியில் தம் ஆட்களில் பெரும்பாலோர் கைவிட்ட நிலையில் காயம்பட்டு, இரு வாரங்களில் இறந்தார். குருவாக வேண்டிய கில்பர்ட் அதன்பின் ஏர்ல் ஆனார். ஸ்காட்லாந்து அரசரின் சகோதரியை மணந்தார். போர்ப்பயிற்சி இல்லாதவர் என்ற பேச்சைப் பொய்யாக்க விரும்பி 1241 ஜூன் 27 அன்று ஹெர்ட்ஃபோர்ட் அருகே ஒரு போர்ப்போட்டியில் இறங்க, கடிவாள வார் அறுந்து, குதிரையிலிருந்து விழுந்து, அங்கவடியில் கால் சிக்கி இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். தந்தைக்குச் செல்வமும் பெயரும் கொடுத்த அதே விளையாட்டு. வால்டருக்கு மண வாழ்க்கை நான்கு ஆண்டுகூட இல்லை. ஆன்செல்ம் பட்டத்துக்கு உரியவராக இருந்ததே ஒரு மாதம்தான்.

சிறுமியோடு ஒரு மணம், நிலத்துக்காக ஒரு மணம், போர், விபத்து, நோய். அரசியல் லாபம் பார்த்துச் செய்த திருமணங்கள் வாரிசைத் தரவில்லை என்பதே நேர்மையான விளக்கம். சாபம் என்று சொன்னால் ஒன்பது வயது எலினாரின் வாழ்க்கை நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஐந்து மகள்கள், ஐந்து பங்குகள்

இங்கிலாந்து வழக்கப்படி மகன்கள் இருந்தால் மூத்தவருக்கே எல்லாம். மகள்கள் மட்டும் இருந்தால் சமபங்கு. 1246, 1247 ஆண்டுகளில் அந்தச் சமபங்கு நடந்தது. மகள்களில் சிலர் அதற்குள் இறந்திருந்ததால் அவர்களுடைய பிள்ளைகள் பங்கைப் பெற்றனர். லென்ஸ்டர் ஐந்தாக உடைந்தது. கார்லோ மட்டில்டாவுக்கு, கில்கென்னி இரண்டாம் மகள் இசபெல்லின் மகன் ரிச்சர்ட் டி கிளேருக்கு, கில்டேர் மகள் சிபிலின் பிள்ளைகளுக்கு, டனமேஸ் மகள் ஈவாவின் பிள்ளைகளுக்கு, வெக்ஸ்ஃபோர்ட் ஜோனின் பிள்ளைகளுக்கு. சிபிலுக்கு டெர்பி ஏர்ல் வில்லியம் டி ஃபெரர்ஸ் மூலம் பிறந்தவர்கள் ஏழு மகள்கள். எனவே கில்டேர் பங்கு மேலும் ஏழாகத் துண்டாயிற்று. உரிமையாளர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்திலேயே இருந்தனர். ஒரே கையில் இருந்த லென்ஸ்டரின் வலிமை அதன்பின் திரும்பவில்லை.

மட்டில்டா மூத்தவர் என்பதால் மார்ஷல் பதவி அவருக்கு வந்தது. முதலில் நார்ஃபோக் ஏர்ல் ஹியூ பிகாடை மணந்தவர். அவருக்குப் பின் சர்ரே ஏர்ல் வில்லியம் டி வாரனை. தம் சாசனங்களில் 'இங்கிலாந்தின் மார்ஷல்' என்றே தம்மைக் குறிப்பிட்டுக்கொண்டார். கணவர்கள் இருவரின் பட்டங்களையும் அதற்குப் பின்னரே எழுதினார். அவர் 1248இல் இறந்து தாயார் இருக்கும் டின்டெர்ன் மடத்திலேயே அடக்கமானார். பதவி பிகாட் மகனுக்கும், பிறகு பேரனுக்கும் போயிற்று. பேரனுக்குப் பிள்ளையில்லை; 1302இல் அதை அரசரிடம் ஒப்படைத்தார். பின்னர் அரச குடும்பத்தினர் வழியாகவும் மௌப்ரே குடும்பம் வழியாகவும் சுற்றி, நார்ஃபோக் டியூக்குகளான ஹவர்ட் குடும்பத்திடம் வந்தது. 2023இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவை ஏற்பாடு செய்ததும் அந்தப் பதவியில் இருப்பவர்தான்.

ஜோன், அப்பாவின் படுக்கையருகே வெட்கத்தோடு பாடிய பெண், வாரின் டி மன்சென்சியை மணந்தார். அவருடைய மகள் 1247இல் அரசரின் தாய் மறுமணத்தில் பெற்ற மகன் வில்லியம் டி வாலன்ஸை மணக்க, பெம்புரோக் அந்த வழிக்குப் போயிற்று.

மூத்த மகனின் விதவை எலினாரின் கதையும் இங்கேதான் முடிச்சுப் போடுகிறது. அவர் 1238இல் சைமன் டி மான்ட்ஃபோர்ட்டை மறுமணம் செய்தார். மார்ஷல் நிலங்களில் விதவையாக அவருக்குச் சேர வேண்டிய பங்குக்கு ஈடாக ஆண்டுக்கு 400 பவுண்டு என்று பேசி முடித்திருந்தனர். அது மிகக் குறைவு என்று எலினாரும் சைமனும் விடாமல் வாதாடினர். அரசருக்கும் சைமனுக்கும் இடையே பகை முற்றி உள்நாட்டுப் போராக வெடித்ததற்கு இந்தப் பணத் தகராறும் ஒரு காரணம். 1265இல் ஈவ்ஷாம் போரில் சைமன் கொல்லப்பட்டார். வெட்டிய தலையை ரோஜர் மார்ட்டிமர் விக்மோரில் இருந்த தம் மனைவிக்கு அனுப்பி வைத்தார். அந்த மனைவி மாட் டி பிரவோஸ், ஈவா மார்ஷலின் மகள். எலினாரின் முதல் கணவர் மாட்டுக்குத் தாய்மாமன். ஒரே குடும்பத்துப் பெண்கள் இருவர் அந்தப் போரின் இரு கரைகளில் நின்றனர்.

அடுத்து 1314 ஜூன், பானக்பர்ன் போர்க்களம். ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ், வில்லியம் மார்ஷலின் எள்ளுப்பேரன்: மகள் இசபெல், அவருடைய மகள் இன்னொரு இசபெல், அவருடைய மகன் ராபர்ட், அவருடைய மகன் இந்த அரசர். எதிரே ஆங்கிலப் படையில் க்ளஸ்டர் ஏர்ல் கில்பர்ட் டி கிளேர். அதே மூத்த இசபெல்லின் கால்வழி. அவர் அங்கேயே மாண்டார். பெம்புரோக் ஏர்ல் ஏய்மர் டி வாலன்ஸ், ஜோனின் மகள் வயிற்றுப் பேரன். இங்கிலாந்து அரசர் இரண்டாம் எட்வர்டைக் களத்திலிருந்து வெளியே கொண்டுசென்றவர்களில் ஒருவர். ஹியர்ஃபோர்ட் ஏர்ல் ஹம்ஃப்ரி டி போஹன் ஈவாவின் வழி. தப்பியோடிச் சிறைப்பட்டு, பிறகு புரூஸின் மனைவிக்கு ஈடாக விடுவிக்கப்பட்டார். அற்றுப்போனதாகச் சொல்லப்பட்ட குடும்பத்தின் வாரிசுகள் இரு படைகளிலும் தலைமை தாங்கி நின்ற களம் இது.

ஈவாவின் வழி இன்னும் நீளமானது. அவருடைய கணவர் வில்லியம் டி பிரவோஸை வேல்ஸ் இளவரசர் லெவலின் 1230இல், தம் மனைவியோடு தொடர்பு வைத்திருந்ததாகச் சொல்லித் தூக்கிலிட்டார். நான்கு பெண் குழந்தைகளோடு ஈவா விதவையானார். அந்தப் பெண்களில் ஒருவர்தான் மேலே சொன்ன மாட். மாட்டின் மார்ட்டிமர் வழித்தோன்றல்கள் மார்ச் ஏர்ல்கள் ஆயினர். அவர்களில் மூன்றாம் ஏர்ல் எட்மண்ட், மூன்றாம் எட்வர்ட் அரசரின் பேத்தி பிலிப்பாவை மணந்தார். அவர்களுடைய பேத்தி ஆன் மார்ட்டிமர். ஆனின் மகன் யார்க் டியூக் ரிச்சர்ட். அப்போது ஆண்ட லங்காஸ்டர் குடும்பத்தைவிட அரியணைக்குத் தமக்கே உரிமை அதிகம் என்று ரிச்சர்ட் வாதிட்டபோது அவர் காட்டிய சான்று பிலிப்பாவும் ஆனும் என்ற இரண்டு பெண்களின் வழிதான். 1461இல் அவருடைய மகன் நான்காம் எட்வர்ட் அந்த உரிமையோடு முடிசூடினார். எட்வர்டின் மகள் எலிசபெத் 1486இல் ஏழாம் ஹென்றியை மணந்தார். அவர்களின் மகன் எட்டாம் ஹென்றி தொடங்கி இன்றுவரை இங்கிலாந்தை ஆண்ட ஒவ்வோர் அரசரும் அரசியும் ஈவா மார்ஷலின் வழியில் வந்தவர்களே.